எலிக்கு உடம்பு சரியில்லை

இரவு பத்தரை மணிக்குக் கூண்டுக் கதவைத் திறந்தால் முதலில் ஓடி வந்து விரலை முகர்கிறவள் மிளகு. தலையில் கறுப்பு முக்காடு போட்டதுபோல் நிறம், மிச்ச உடம்பெல்லாம் வெள்ளை. அன்றைக்கு அவள் வரவில்லை. மூலையில் முதுகைக் கூனிக்கொண்டு, மயிர் சிலிர்த்து, பழைய பஞ்சு உருண்டை மாதிரி உட்கார்ந்திருந்தாள். கண் பாதி மூடியிருந்தது. மூக்கைச் சுற்றிச் செம்பழுப்பாக ஏதோ காய்ந்து ஒட்டியிருந்தது. சாயங்காலம்தான் கூண்டுத் துணையான சுக்குவின் கையிலிருந்த பட்டாணியைப் பிடுங்கிக்கொண்டு ஓடினாள். இப்போது அந்தச் சுக்கு அவள் மேல் தலையைச் சாய்த்து அசையாமல் படுத்திருந்தாள்.

எலி வளர்க்கிறவர்கள் எல்லாருக்கும் இப்படி ஓர் இரவு வந்தே தீரும். அந்த இரவின் கேள்விகள் பெரும்பாலும் மூன்றுதான். இது ரத்தமா? விடியும்வரை தாங்குமா? யாரிடம் கொண்டுபோவது? இவற்றுக்குக் கால்நடை மருத்துவமும் எலி வளர்ப்போரின் அனுபவமும் இதுவரை சேர்த்து வைத்திருக்கும் விடைகளை ஓரிடத்தில் வைத்துப் பார்க்கலாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் அந்தச் சிவப்பு. எலியின் கண்ணுக்குப் பின்புறம் ஹார்டேரியன் சுரப்பி என்று ஒன்று இருக்கிறது. அது சுரக்கும் நீரில் போர்ஃபைரின் என்ற செந்நிறப் பொருள் கலந்திருக்கும். நலமாக இருக்கும் எலி நாளைக்குப் பலமுறை முன்னங்கையால் முகம் கழுவிக்கொள்வதால் அந்தச் சிவப்பு நம் கண்ணில் படுவதில்லை. வலியோ, மூச்சு நோயோ, பெரும் பயமோ வந்தால் சுரப்பு கூடுகிறது, முகம் கழுவுவது குறைகிறது. கண்ணோரத்திலும் மூக்கிலும் அது காய்ந்து நிற்கும். பார்க்கிறவர் ரத்தம் என்று பதறிப்போவார். ஈரப் பஞ்சில் துடைத்தெடுத்து, ரூபாய் நோட்டைச் சோதிக்கும் புற ஊதா டார்ச்சை அந்தப் பஞ்சின் மேல் காட்டினால் போர்ஃபைரின் இளஞ்சிவப்பாக ஒளிரும், ரத்தம் ஒளிராது. டார்ச்சை எலியின் கண்ணில் அடிக்கக் கூடாது. தூங்கி எழுந்த எலியின் கண்ணோரத்தில் துளி சிவப்பு இருந்தால் கவலை வேண்டாம். கூன் விழுந்த முதுகும் சிலிர்த்த மயிரும் சேர்ந்துகொண்டால் அன்றைக்கே கவனித்தாக வேண்டும்.

இந்த எலி எந்த எலி என்பதையும் சொல்லிவிட வேண்டும். கடையில் வாங்கி வளர்ப்பது நம் வயல் எலியும் அல்ல, சாக்கடைப் பெருச்சாளியும் அல்ல. வயல்காரர்கள் வெள்ளெலி என்பது வேறொரு காட்டினம். ஹாம்ஸ்டரையும் சிலர் அதே பெயரால் அழைப்பதால் மருத்துவரிடம் பேசும்போதே குழப்பம் வந்துவிடுகிறது. வளர்ப்பு எலி, ராட்டஸ் நார்வெஜிக்கஸ் என்ற பழுப்பெலியிலிருந்து மனிதன் பழக்கியெடுத்த இனம். 19-ஆம் நூற்றாண்டு லண்டனில் விக்டோரியா மகாராணியின் எலிபிடிப்பவர் என்று சொல்லிக்கொண்ட ஜாக் பிளாக், பிடித்த எலிகளில் விசித்திர நிறமுள்ளவற்றை ஒதுக்கி வளர்த்து விற்றார். 1901-இல் இங்கிலாந்தின் எய்ல்ஸ்பரி ஊரில் நடந்த சுண்டெலிக் கண்காட்சியில் மேரி டக்ளஸ் என்ற பெண்மணியின் முயற்சியால் எலிக்கும் இடம் கிடைத்தது. குழந்தைகளுக்குக் கதை எழுதிய பீட்ரிக்ஸ் பாட்டர், தான் வளர்த்த சாமி என்ற எலிக்குத் தன் 1908-ஆம் ஆண்டுப் புத்தகத்தைக் காணிக்கையாக்கினார். இன்னொரு பக்கம், ஃபிலடெல்ஃபியாவின் விஸ்டார் நிறுவனம் 1906 முதல் ஆய்வுக்கென்று வெள்ளை எலிகளைப் பெருக்கியது.

இந்த ஆய்வுக்கூட வரலாறு எலிக்குச் செய்த நன்மை ஒன்று உண்டு. எந்த மருந்து எலியின் உடலில் எப்படி வேலை செய்யும் என்பது வேறெந்தச் சிறு பிராணியைவிடவும் விரிவாகத் தெரியும். எலிக்கு வைத்தியமே கிடையாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அறிவு இருக்கிறது, நம் தெருமுனைக் கிளினிக்குக்கு அது வந்து சேரவில்லை, அவ்வளவுதான்.

சரி, நோய் ஏன் திடீரென்று வருகிறது? என் அனுபவமும் படிப்பும் சொல்வது ஒன்றுதான்: அநேகமாக அது திடீரென்று வருவதில்லை. எலி இரையாகும் உயிர். கூட்டத்தில் சோர்ந்து நிற்பதைத்தான் ஆந்தையும் பூனையும் முதலில் தூக்கும். நோயை மறைப்பது அதன் பிறவிக் குணம். மறைக்கத் தெம்பு இருக்கும்வரை மறைக்கும். தெம்பு தீர்ந்த அன்றுதான் நமக்குத் தெரியும். மிளகு படுத்த இரண்டாம் நாள், மூன்று வாரத்துக்கு முன் செல்போனில் எடுத்திருந்த ஒரு வீடியோவைப் போட்டுப் பார்த்தேன். அவள் வாழைப்பழம் தின்கிறாள். ஒலியைக் கூட்டிக் கேட்டால், ஒவ்வொரு மூச்சுக்கும் இடையே கடிகாரம் மாதிரி ஒரு மெல்லிய ‘டிக்’. அந்த வீடியோவை உறவினர் பத்துப் பேருக்கு நானே அனுப்பியிருந்தேன். ஒருவர் காதிலும் அது விழவில்லை; என் காதிலும்தான்.

மறைத்ததைக் கண்டுபிடிக்க வழிகள் உண்டு. 2011-இல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி மோகில் குழுவினர் எலியின் முகத்தில் வலியைப் படிக்கும் ஓர் அளவுகோலை வெளியிட்டார்கள். பார்க்க வேண்டியவை நான்கு: கண் இடுங்குவது, மூக்கும் கன்னமும் மேடு குறைந்து தட்டையாவது, காது சுருண்டு வெளிப்பக்கம் திரும்புவது, மீசை விறைத்து நிற்பது. மீசையும் காதும் பழகிய கண்ணுக்கே பிடிபடும். இடுங்கிய கண்ணையும் தட்டையான மூக்கையும் முதல்முறை பார்ப்பவரும் கண்டுகொள்ளலாம்.

இன்னொரு வழி எடை பார்ப்பது. சமையலறையில் மாவு நிறுக்கும் டிஜிட்டல் தராசு போதும். வளர்ந்த பெண் எலி பொதுவாக 250 முதல் 350 கிராம், ஆண் அரைக் கிலோ வரை போகும், சில அதற்கு மேலும். வாரம் ஒருமுறை ஒரு டப்பாவில் உட்கார வைத்து நிறுத்து எழுதி வைத்தால், கண்ணுக்குத் தெரியாத நோய் எண்ணில் தெரிந்துவிடும். 300 கிராம் எலி 30 கிராம் இழந்தால் அது உடம்பில் பத்தில் ஒரு பங்கு; 60 கிலோ மனிதர் ஆறு கிலோ இழந்ததற்குச் சமம். மயிரடர்ந்த உடம்பில் அது கண்ணுக்குத் தெரியவே தெரியாது. எலிக்கு நாம் செய்யக்கூடிய வைத்தியங்களில் முதல் இடம் இந்தத் தராசுக்குத்தான் என்பேன்.

இனி நோய்கள். பட்டியல் நீளமானது, ஆனால் வளர்ப்பு எலியின் அவசர நோய்களில் பெரும்பங்கு நுரையீரல் சார்ந்தது. அதன் பின்னால் இருப்பது பெரும்பாலும் மைக்கோபிளாஸ்மா பல்மோனிஸ் என்ற பாக்டீரியா. வளர்ப்பு எலிகள் ஏறக்குறைய எல்லாமே இதைச் சுமக்கின்றன. தாயிடமிருந்து குட்டிக்கு, கூண்டுத் துணையிடமிருந்து துணைக்கு என்று பரவும். ஆய்வுக்கூடங்கள் இதை ஒழிக்க என்ன பாடுபட்டன தெரியுமா? தாயின் வயிற்றைக் கிழித்துக் குட்டிகளை எடுத்து, கிருமியற்ற அறையில் வளர்த்துத்தான் மைக்கோபிளாஸ்மா இல்லாத வம்சத்தை உருவாக்க முடிந்தது. வீட்டில் அது நடக்காது. ஆகவே நம் எலிக்குள் அது உறங்கிக்கொண்டிருக்கிறது என்றே வைத்துக்கொள்ள வேண்டும். முதுமை, குளிர்காற்று, புது இடம், துணையை இழந்த துக்கம், இன்னொரு கிருமியின் தொற்று என்று ஏதாவது ஒன்று அதை எழுப்பிவிடும்.

எழுப்புவதில் கூண்டின் காற்றுக்குப் பெரும்பங்கு உண்டு. எலியின் மூத்திரத்திலிருந்து கிளம்பும் அமோனியா மூச்சுக்குழாயின் உள்பூச்சை அரிக்கிறது. அமோனியா ஏறிய காற்றில் இருக்கும் எலிகளுக்கு மைக்கோபிளாஸ்மா நோய் முற்றுகிறது என்பது 1976-லேயே சோதனையில் காட்டப்பட்டுவிட்டது. கூண்டுக்குள் நாம் மூக்கை நுழைத்து முகர்ந்து நெடி தெரிந்தால், தரைக்கு இரண்டங்குல உயரத்தில் மூச்சுவிடும் உயிருக்கு அது எவ்வளவு இருக்கும்! மரக்கடையில் வாங்கிப் போடும் தூசு பறக்கும் மரத்தூளும் அதே கெடுதலைச் செய்யும். நம் வீடுகளுக்கே உரிய இரண்டு புகைகளையும் சொல்ல வேண்டும். ஒன்று கொசுவத்திச் சுருள், மற்றது வெள்ளிக்கிழமைச் சாம்பிராணி. கூண்டு இருக்கும் அறையில் இரண்டையும் நிறுத்திவிடுங்கள். கொசுவுக்குக் கூண்டின் மேல் வலைத்துணி கட்டலாம்.

எலி வாயால் மூச்சுவிடப் பழகாத உயிர். மூக்குதான் அதன் ஒரே வாசல். புது வீட்டுக்கு வந்த குட்டி சில நாள் தும்முவது சாதாரணம். தும்மலோடு விளையாட்டும் தீனியும் குறையாமல் இருந்தால் கவனித்துக்கொண்டே காத்திருக்கலாம். காதை அதன் விலாவில் வைத்துக் கேளுங்கள். நலமான நுரையீரலில் ஒலியே கேட்காது. டிக், கறகற, புறா முனகுவது போன்ற ஒலி கேட்டால் ஓரிரு நாளுக்குள் மருத்துவர் பார்க்க வேண்டும். ஒவ்வொரு மூச்சுக்கும் விலா உள்வாங்கி வயிறு பம்மினால், கழுத்தை மேலே நீட்டினால், வாயைத் திறந்தால், காதும் பாதமும் வெளுத்தோ நீலம் பாரித்தோ போனால் நேரம் பார்க்காமல் கிளம்ப வேண்டும். ஓய்வில் இருக்கும் எலி நிமிடத்துக்கு 70 முதல் 115 முறை வரை மூச்சுவிடும். எண்ணுவது கடினம், பதினைந்து விநாடி வீடியோ எடுத்து, மெதுவாக ஓடவிட்டு எண்ணி, நான்கால் பெருக்குவது எளிது.

மருந்து விஷயத்தில் நம் ஊரில் நடக்கும் தவறுகளைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். மைக்கோபிளாஸ்மாவுக்குச் செல்சுவர் கிடையாது. பெனிசிலின் குடும்ப மருந்துகள் செல்சுவரைத்தான் தாக்கும். ஆகவே அமாக்ஸிசிலின் மட்டும் கொடுத்து, கேட்கவில்லையே என்று கைவிடுவது வீண். டாக்ஸிசைக்ளின், என்ரோஃப்ளாக்சசின் ஆகிய இரண்டில் ஒன்றையோ இரண்டையும் சேர்த்தோ மருத்துவர்கள் தருகிறார்கள். தேவைப்பட்டால் மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்து, வீக்கத்தைத் தணிக்கும் மருந்து, நெபுலைசர், ஆக்சிஜன் எல்லாம் உண்டு. மறுபக்கம், கினிப்பன்றிக்கும் ஹாம்ஸ்டருக்கும் பெனிசிலின் வகை உயிருக்கே ஆபத்து என்பதால் எலிக்கும் அப்படியே என்று சிலர் பயப்படுகிறார்கள். எலி அதைத் தாங்கும்; வேறு கிருமிகள் சேர்ந்துகொண்டால் அதற்கும் இடம் உண்டு.

கொடுக்கும் முறையில்தான் பெரிய சறுக்கல். மருந்து கசக்கிறது என்று தயிரிலோ பாலிலோ குழைத்துக் கொடுப்பது நம் வழக்கம். டாக்ஸிசைக்ளினும் என்ரோஃப்ளாக்சசினும் பாலிலுள்ள சுண்ணாம்புச் சத்தோடு ஒட்டிக்கொண்டு, குடலில் ஏறாமல் அப்படியே வெளியேறிவிடும். மிளகுக்கு முதல் மூன்று நாள் நான் தயிரில்தான் கொடுத்தேன். முன்னேற்றம் இல்லை. வாழைப்பழ மசியலுக்கு மாற்றச் சொன்னவர் மருத்துவர். மாற்றிய மூன்றாம் நாள் கூண்டுக் கதவருகே வந்து நின்றாள். குடிநீரில் கலந்து வைப்பதும் கூடாது; நோயுற்ற எலி குறைவாகக் குடிக்கும், மருந்தும் குறைந்துபோகும். இன்னொன்று: இரண்டு நாளில் தேறிவிட்டதே என்று நிறுத்திவிடாதீர்கள். இந்த நோய்க்கு மருந்து வாரக்கணக்கில் போகும். கிருமி அப்போதும் முழுதாக ஒழியாது, மறுபடி உறங்கப் போகும்.

வீட்டிலிருக்கும் மனித மாத்திரையைக் கிள்ளிப் போடும் பழக்கத்தை எவ்வளவு கண்டித்தாலும் தகும். 60 கிலோ மனிதரில் இருநூறில் ஒரு பங்குதான் 300 கிராம் எலி. ஒரு மாத்திரையை இருநூறாகக் கிள்ள யாராலும் முடியாது. அதனால்தான் இங்கே நான் எந்த அளவும் எழுதவில்லை. எடையை நிறுத்துக் கணக்குப் போட்டு எழுதித்தரும் மருத்துவர் கைச்சீட்டுத்தான் அளவு.

நுரையீரலுக்கு அடுத்தபடி தமிழ்நாட்டில் நான் அஞ்சுவது வெயிலை. எலிக்கு உடம்பில் வியர்வை கிடையாது. நாய்போல் நாக்கைத் தொங்கவிட்டு இரைத்தும் சூட்டை ஆற்றிக்கொள்ளாது. மயிரில்லாத வால்தான் அதன் வெப்பப் போக்கி. சூடு ஏறினால் வாலின் ரத்தக்குழாய்கள் விரியும். அது போதாமல் போனால் எச்சிலை மயிரில் பூசிக்கொள்ளும். அறை வெப்பம் 30 டிகிரியைத் தாண்டினாலே அதற்குக் கஷ்டம் தொடங்குகிறது. அக்னி நட்சத்திர நாட்களில் பால்கனியில் வைத்த கூண்டு அடுப்பாகிவிடும். நீட்டிப் படுத்துக்கொண்டு, காதும் வாலும் சிவந்து, கழுத்தெல்லாம் எச்சில் ஈரமாகி, தொட்டால் துவண்டு விழுகிறதென்றால் அது வெப்பத் தாக்கு. உடனே நிழலுக்கு மாற்றி, வாலையும் பாதங்களையும் சாதாரணக் குழாய்த் தண்ணீரில் நனைத்து, காற்றாடி ஓடும் இடத்தில் வையுங்கள். ஐஸ் தண்ணீர் வேண்டாம். குழாய்கள் சுருங்கி உள்சூடு வெளியேறாமல் நின்றுவிடும். தெளிந்தாலும் மருத்துவரிடம் காட்டுவதே நல்லது, உள்ளுறுப்புகளின் சேதம் மறுநாள்தான் தெரியும்.

எலியால் வாந்தி எடுக்க முடியாது. இதிலிருந்து மூன்று விஷயங்கள் பிறக்கின்றன. விக்கிக்கொண்டால் வெளியே தள்ள வழியில்லை. தாடையை நெஞ்சோடு ஒட்டிக்கொண்டு, ஜொள் வடித்து, உடம்பை உந்தி உந்தித் தள்ளும். மூச்சு ஓடிக்கொண்டிருந்தால் தீனியையும் தண்ணீரையும் எடுத்துவிட்டு அமைதியாக விடுங்கள். பெரும்பாலும் தானே இறங்கிவிடும். வேர்க்கடலை வெண்ணெய், பிசுபிசுத்த ரொட்டி போன்றவற்றைக் கட்டியாகக் கொடுக்காமலிருப்பதே தடுப்பு. அடுத்து, விஷம் உள்ளே போனால் அதுவும் திரும்பாது. எலிப்பாஷாணம் எலியைத் தவறாமல் கொல்வதற்கு ஒரு காரணமே இதுதான். 1948-இல் எலிமருந்தாக விற்பனைக்கு வந்த வார்ஃபரினும் அதன் வழிவந்தவையும் ரத்தம் உறையாமல் செய்து சில நாள் கழித்தே கொல்லும். அந்த இடைவெளியில் வைட்டமின் கே1 கொடுத்துக் காப்பாற்ற வாய்ப்பு உண்டு. அதே வார்ஃபரினை இதய வால்வு மாற்றிய மனிதர்களுக்கு மாத்திரையாகக் கொடுக்கிறார்கள் என்பதால், வீட்டில் கீழே விழும் மாத்திரையிலும் கண் இருக்க வேண்டும். மூன்றாவது, அறுவைக்கு முன் எலியைப் பட்டினி போட வேண்டியதில்லை. இரவெல்லாம் பட்டினி போட்டால் சிறு உடம்பில் சர்க்கரை இறங்கிவிடும். நாய்க்குச் சொல்லும் விதியை எலிக்கும் சொன்னால் பணிவாக ஒருமுறை கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். தலை ஒருபக்கம் சாய்ந்து வட்டமடித்தால் பெரும்பாலும் உட்காது நோய். சீக்கிரம் மருந்து தொடங்கினால் தேறும், சாய்வு கொஞ்சம் மிஞ்சலாம், எலி அதோடு வாழப் பழகிவிடும். வயதான எலி, முக்கியமாகப் பெண் எலி, முன்னங்கையால் தீனியைப் பிடிக்கத் திணறினால் பிட்யூட்டரி கட்டியாக இருக்கக்கூடும். பெண் எலிக்கு மாதவிலக்கு கிடையாது, ஆகவே பின்புறத்தில் ரத்தம் கண்டால் அது பெரும்பாலும் நோய், கர்ப்பப்பைச் சீழாகவும் இருக்கலாம். மார்புத்திசு கழுத்திலிருந்து தொடையிடுக்கு வரை பரவியிருப்பதால் அக்குளில் வரும் கட்டியும் மார்புக்கட்டியாக இருக்கும். பெண் எலிகளில் அது பெரும்பாலும் புற்றல்லாத கட்டி, சிறிதாக இருக்கும்போதே அறுத்தெடுத்தால் நல்லது. முன்பற்கள் வாரத்துக்கு இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் வளரும். தீனியருகே போய் முகர்ந்துவிட்டுத் தின்னாமல் திரும்பும் எலிக்கு முதலில் பல்லைப் பாருங்கள். பல் மஞ்சளாகவோ ஆரஞ்சாகவோ இருப்பது இயல்பு.

அந்த முதல் இரவுக்கு வருவோம். மருத்துவர் விடிந்தால்தான் கிடைப்பார் என்ற நிலையில் செய்ய வேண்டியவை அதிகமில்லை. ஆனால் செய்வதை ஒழுங்காகச் செய்ய வேண்டும். நோயுற்ற சிறு உடம்பு சூட்டை வேகமாக இழக்கும். பாட்டிலில் வெந்நீர் ஊற்றி, துண்டில் நன்றாகச் சுற்றி, பெட்டியின் ஒரு பாதியில் மட்டும் வையுங்கள். சூடு போதுமென்றால் எலி தானே மறுபாதிக்கு நகர வேண்டும். வெப்பத் தாக்கென்றால் இது வேண்டாம். கழுத்துப் பின்தோலை மெல்லக் கிள்ளிவிட்டால் உடனே படியாமல் மேடாக நின்றால் உடம்பில் நீர் வற்றியிருக்கிறது. ஊசியில்லாத 1 மி.லி. சிரிஞ்சில் தண்ணீரை வாயின் பக்கவாட்டில் துளித்துளியாக விடுங்கள், அது நக்கி விழுங்கட்டும். வாய்க்குள் பீய்ச்சினால் நுரையீரலுக்குப் போய்விடும். மூச்சுத் திணறும் எலிக்கும் நினைவு தப்பிய எலிக்கும் வாய்வழி எதுவும் கொடுக்கவே கூடாது. தின்னும் தெம்பிருந்தால் குழந்தைக்குக் கரைக்கும் கஞ்சி மாதிரி இளகலாக ஏதாவது விரலில் தொட்டுக் காட்டலாம். வெளிச்சத்தையும் தொலைக்காட்சியையும் அணைத்துவிடுங்கள்.

துணையைப் பிரிக்க வேண்டுமா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. தொற்று பரவுமே என்பார்கள். மைக்கோபிளாஸ்மா ஏற்கெனவே இரண்டுக்கும் இருப்பதால் பிரித்துப் பயனில்லை என்பது என் கட்சி. புதிதாக வாங்கிவந்த எலி என்றால் வேறு விஷயம். அதை இரண்டு மூன்று வாரம் தனியறையில் வைப்பதே முறை. பழகிய துணையைப் பிரிக்காமலிருக்க இன்னொரு காரணமும் உண்டு. 2011-இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் நடந்த சோதனையில், குழாயில் அடைபட்ட துணையை எலிகள் கதவைத் திறந்து விடுவித்தன. பக்கத்தில் சாக்லேட் இருந்தபோதும் அந்த வேலையைச் செய்தன. சுக்கு அன்றிரவு முழுக்க மிளகை விட்டு நகரவில்லை. ஒருமுறை எழுந்து தன் தீனியை எடுத்துவந்து அவள் முன்னால் வைத்துக்கொண்டு தின்றாள். மிளகு மோந்து பார்த்தாள். அது போதுமாக இருந்தது எனக்கு.

விடிந்ததும் நான் முதலில் போன கிளினிக்கில், எலிக்கா வைத்தியம் என்று சிரித்துவிட்டு, நேரமில்லை என்றார்கள். இரண்டு மணி நேரம் வீண். நாயும் மாடும் பார்த்துப் பழகிய மருத்துவரைக் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் தெரியாது என்று நேராகச் சொல்லி, தெரிந்தவரிடம் அனுப்பினால் ஓர் உயிர் பிழைக்கும். பறவைகளையும் முயல், ஹாம்ஸ்டர் போன்றவற்றையும் பார்ப்பவர்கள் பெரிய நகரங்களில் இப்போது உண்டு. 1903-இல் தொடங்கப்பட்ட சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி வேப்பேரியில் இருக்கிறது. கல்லூரி மருத்துவமனைகளில் துறைவாரியாகப் பேராசிரியர்கள் இருப்பதால் கேட்டுப் பார்ப்பதில் தவறில்லை. போகும்போது காற்றுத்துளையுள்ள சிறு பெட்டி, அதன் பழைய துணி, கூடவே துணை எலி, எடை எழுதிய தாள், மூச்சுவிடும் வீடியோ ஆகியவற்றைக் கொண்டுபோங்கள். மருத்துவர் மேசையில் பயத்தில் எலி நோயை மறைத்துவிடும், வீடியோ மறைக்காது.

வீட்டு மனிதர்களின் நலனையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். எலிக்காய்ச்சல் என்று நாம் சொல்லும் லெப்டோஸ்பைரோசிஸ், காட்டு எலியின் மூத்திரம் பட்டால் வளர்ப்பு எலிக்கும் வரும், அதனிடமிருந்து நமக்கும் வரும். எலிக்கடிக் காய்ச்சல் கடியாலும் கீறலாலும் வரும். சியோல் வைரஸ் 2017-இல் அமெரிக்காவிலும் கனடாவிலும் வளர்ப்பு எலிகள் மூலம் மனிதர்களுக்குப் பரவியது. பயந்து எலியைத் தூக்கியெறியச் சொல்லவில்லை. கூண்டு கழுவும்போது கையுறை, முகக்கவசம். பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவுதல். வீட்டுச் சுவரில் ஓடும் எலி கூண்டை நெருங்காதபடி பாதுகாப்பு. காரணம் தெரியாத காய்ச்சல் வந்தால், வீட்டில் எலி வளர்க்கிறேன் என்பதை உங்கள் டாக்டரிடம் வெட்கப்படாமல் முதலிலேயே சொல்லுங்கள்.

எல்லாம் செய்தும் தேறாத நிலை வரும். வளர்ப்பு எலியின் ஆயுளே இரண்டு முதல் மூன்று வருடம். தின்னாமல், எழாமல், ஒவ்வொரு மூச்சுக்கும் போராடிக்கொண்டிருக்கும் உயிரை இயற்கையாகப் போகட்டும் என்று விட்டுவிடுவதைக் கருணை என்று என்னால் ஏற்க முடியவில்லை. மயக்கவாயு கொடுத்து முழுதாக உறங்க வைத்த பிறகே ஊசி போடும்படி மருத்துவரிடம் கேளுங்கள். தண்ணீரில் அமுக்குவதும் ஃப்ரீசரில் வைப்பதும் கொடுமை, எந்த நிலையிலும் செய்யக் கூடாதவை. மிளகு அந்த நோயிலிருந்து மீண்டு இன்னும் ஏழு மாதம் இருந்தாள். கடைசியில் முன்னங்கையால் பட்டாணியைப் பிடிக்க முடியாமல் போனபோது மருத்துவரின் ஊசி என்ற முடிவைத்தான் எடுத்தோம். உடலைச் சுக்குவிடம் காட்டினோம். அவள் முகர்ந்தாள், காதோரம் கொஞ்சம் மயிர் கோதிவிட்டாள், பிறகு தானாக விலகிப் போனாள்.

வீட்டில் எலி வளர்க்கும் வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் ஊரில் எலி பார்க்கும் மருத்துவர் யார் என்று, எலி நன்றாக இருக்கும் இந்த வாரமே விசாரித்து, எண்ணைக் கூண்டின் மேல் எழுதி ஒட்டிவையுங்கள். பக்கத்தில் இன்றைய தேதியும் எடையும் இருக்கட்டும்.